வால்பாறையில் தனியாக ஒரு நாள்: வரையாடு, சோலைமந்தி, யானை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த சில ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது தனியாக வால்பாறைக்குப் போய்வரும் பழக்கம் எனக்கு இருக்கிறது. அதனாலேயே நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் ஒரு நாள் பயணத்தையும், வழியில் எதிர்ப்படக்கூடிய விலங்குகளையும் பற்றியவை. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

விலங்குகளைப் பார்ப்பதற்குச் சரணாலயச் சவாரிக்குப் போகாமல் வால்பாறைக்கு ஏன் போக வேண்டும்?

சவாரி வண்டியில் நாம் காட்டுக்குள் செல்கிறோம். வால்பாறையிலோ நாம் நிற்கும் சாலையைக் காட்டு விலங்குகள் கடந்து செல்கின்றன. கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும் சூழ்ந்திருக்க, நடுவில் தேயிலையும் காப்பியும் பயிராகும் மேட்டுநிலம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மழைக்காட்டை வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியபோது, ஆற்றோரங்களிலும் சரிவுகளிலும் சிறு சிறு காட்டுத் துண்டுகள் எஞ்சி நின்றுவிட்டன. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டிய விலங்கு தேயிலைக்குள்ளும் தார்ச்சாலையிலும் இறங்கியாக வேண்டும். நமக்கு அவை எளிதாகக் கண்ணில் படுவதன் காரணம் இந்த இடைஞ்சல்தான் என்பதை மனத்தில் கொண்டு போனால், நடந்துகொள்ளும் முறை தானாகவே மாறிவிடும்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும், ஆனால் முந்தைய இரவு பொள்ளாச்சியில் தங்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். சமவெளியில் ஆழியாறு வரை விரைவாகப் போய்விடலாம். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், எங்கும் நிற்காமல் போனாலும் மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். நான் விடியும்போது ஆழியாற்றில் இருக்கும்படி கிளம்பி, காலை ஏழு மணி வாக்கில் வரையாடுகள் வரும் பாறைச் சரிவிலும், பத்து மணிக்குள் சோலைமந்திகள் இருக்கும் புதுத்தோட்டத்திலும், மதியம் வால்பாறை நகரிலும் இருப்பேன். மூன்று மணிக்கு மேல் அங்கே தங்குவதில்லை. மலையை இருட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும் என்பதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

பேருந்தா, வாடகைக் காரா, இருசக்கர வாகனமா?

அரசுப் பேருந்து மலிவானது, பாதுகாப்பானது. உள்ளூர்ச் செய்திகள் அனைத்தும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். சன்னலோரம் கிடைத்தால் போதும். எந்தப் பக்கம் என்று கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் 40 வளைவுகளில் பள்ளத்தாக்கு மாறி மாறி இரண்டு பக்கமும் வந்துவிடும். வரையாடு நிற்கிறது என்பதற்காகப் பேருந்து நிற்காது என்பதுதான் குறை. தனியாளுக்கு முழுநாள் கார் செலவு அதிகம் என்றாலும், முதல் முறை போகிறவர் பொள்ளாச்சியிலேயே மலைச்சாலை பழகிய ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது. அவருடைய கண் நம்முடைய கண்ணைவிடப் பத்து மடங்கு கூர்மையானது.

இருசக்கர வாகனத்தில் தனியாகப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறைச் சாலையில், டைகர் வேலி என்று சொல்லப்படும் இடத்துக்கு அருகே, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த வயதான பயணி ஒருவர் மோட்டார் சைக்கிளில் யானையைக் கடக்க முயன்று உயிரிழந்தார். மற்ற வண்டிகள் இரு பக்கமும் நின்றுகொண்டிருந்தன. காரில் இருப்பவருக்குப் பின்னால் எடுக்க ஒரு கியர் இருக்கிறது. பைக்கில் இருப்பவர் வண்டியைத் திருப்பியாக வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சொந்த வாகனத்தில் போகிறவர்கள் 2025 நவம்பர் முதல் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். அதை ஆழியாறு சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள்.

வரையாட்டை எங்கே, எப்போது பார்க்கலாம்?

ஆழியாற்றிலிருந்து ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை உண்டு. கீழே ஆழியாறு அணை முழுவதும் தெரியும். எல்லாரும் அணையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முதுகைத் திருப்பி மேலே உள்ள பாறையைப் பாருங்கள். பொதுவாக 1,200 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில் வாழும் வரையாடு, இந்தச் சரிவில் சாலையோரம் வரை இறங்கி வருகிறது. அதிகாலையிலும், வெயில் தாழ்ந்த பின்னும் வாய்ப்பு அதிகம்.

சென்ற ஜனவரியில் நான் போனபோது முதல் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. ஓட்டுநர் தேநீர்க் குடுவையைத் திறந்தபடி, "அவசரப்படாதீங்க, கல்லு விழுகுதான்னு மட்டும் கேளுங்க" என்றார். சிறிது நேரத்தில் மேலிருந்து நெல்லிக்காய் அளவிலான கல் ஒன்று உருண்டு வந்து தடுப்புச்சுவரில் பட்டுத் தெறித்தது. அண்ணாந்து பார்த்தபோது, பாறையின் நிறத்திலேயே ஒரு பெட்டை ஆடு நின்றிருந்தது. அதன் பின்னங்கால்களுக்கிடையே பிறந்து சில நாள்களே ஆகியிருக்கக்கூடிய குட்டி. நான்கு குளம்புகளையும் ஒரு கையகல விளிம்பில் ஒன்றாகக் குவித்து வைத்துக்கொண்டு, தாய் ஆடு காய்ந்த புல்லை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது. குட்டி வழுக்கியது, நிமிர்ந்தது, மறுபடியும் வழுக்கியது. தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு சுற்றுலா வேன் வந்து பாட்டுச் சத்தத்துடன் நிற்க, இரண்டும் பாறையில் கரைந்துவிட்டன. தனியாகப் போவதால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் இந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்வது வழக்கம்.

வரையாடு உண்மையில் ஆடுதானா? ஏன் இத்தனை முக்கியத்துவம்?

வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே இது நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வு காட்டியதால், 2005-இல் இதற்கெனத் தனிப் பேரினமே ஏற்படுத்தப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது இல்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. சங்கப் பாடல்களில் வரும் 'வருடை' இதைத்தான் குறிக்கிறது என்று கொள்வர். 2024-இல் தமிழ்நாட்டு வனத்துறை நடத்திய கணக்கெடுப்பில் 1,031 ஆகவும், 2025 கணக்கெடுப்பில் 1,303 ஆகவும் இவற்றின் எண்ணிக்கை பதிவானது. நன்கு வளர்ந்த கிடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு இருக்கும். அதை வைத்து எளிதில் அடையாளம் காணலாம்.

இவை மனிதரைக் கண்டு ஓடாததால், பிஸ்கட் நீட்டுகிறவர்களும், குட்டியின் பக்கத்தில் நின்று படம் எடுக்க விரும்புகிறவர்களும் நிறையப் பேர் உண்டு. இது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. தொட்டுப் படம் எடுத்து வெளியிட்டவர்கள் மீது வழக்குப் பதிவான நிகழ்வுகள் இம்மலையிலேயே உண்டு.

சோலைமந்தியை எங்கே பார்க்கலாம்?

சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படும் சோலைமந்திக்கு, வால்பாறை நகருக்குச் சற்று முன்னால் உள்ள புதுத்தோட்டத்தைவிட எளிதான இடம் இல்லை. மழைக்காட்டின் உச்சிக் கிளைகளிலேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டிய இந்த விலங்கு, அங்கே காடு துண்டுபட்டு மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொடாமல் போனதால் தரையிறங்கிச் சாலையைக் கடக்கப் பழகிவிட்டது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமான என்.சி.எஃப். அமைப்பினர் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், அழுக்கேறிய நாடா போலத் தொங்கும் அதன்மேல் குரங்கு நடந்து போவதைக் காணலாம்.

சாலையில் சீழ்க்கையுடன் ஒரு காவலர் நிற்பார். வண்டிகளை மெதுவாக்குவதும், குரங்குக்குத் தீனி போடுகிறவர்களைத் தடுப்பதும் அவர் வேலை. நான் இறங்கியதும் அவர் முதலில் பார்த்தது என் பையைத்தான். "பைய முன்னால போட்டுக்கங்க அம்மிணி. வாழப்பழம் இருந்தா வெளிய எடுத்துறாதீங்க, உங்க கையில பாத்துப் பழகுனா நாளைக்கு அது அடுத்த காரு முன்னாடி வந்து நிக்கும்" என்றார். என் பையில் உண்மையிலேயே இரண்டு வாழைப்பழம் இருந்தது. அவை வால்பாறைப் பேருந்து நிலையம் வரை வெளியே வரவில்லை.

பின்னர் அவர் காட்டிய பலாமரத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட குரங்குகள் இருந்தன. கரிய முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த குட்டையான வால். ஒரு கிழட்டு ஆண் குரங்கு பழத்தைத் தொடவே இல்லை. பாசி படர்ந்த பட்டையை நகத்தால் உரித்து, அடியில் ஒளிந்திருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. அறுவைச் சிகிச்சை செய்கிறவர் போன்ற நிதானம் அதற்கு இருந்தது.

கருமந்தியும் இதுவும் ஒன்றா?

இல்லை. கருமந்தி என்பது நீண்ட வாலும் மெலிந்த உடலும் கொண்ட, இலைகளை முதன்மை உணவாகக் கொள்ளும் லங்கூர் வகை. உடல் முழுதும் கருமையாகவும் தலைமயிர் மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் இருக்கும். வாலில் குஞ்சம் இராது. 'கருங்குரங்கு லேகியம்' என்ற பெயரில் மருந்து செய்வதற்காக ஒரு காலத்தில் கணக்கின்றி வேட்டையாடப்பட்டது இதுதான். அந்த அச்சம் இன்னும் போகவில்லை போலும். நம்மைக் கண்டவுடன் கனத்த குரலில் சத்தமிட்டுக்கொண்டு உள்ளே போய்விடும்.

இருவாச்சியைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். பெரிய இருவாச்சி பறந்து வரும்போது, அதன் சிறகின் ஊடே காற்று புகும் ஓசை பழைய நீராவி ரயில் மேட்டில் ஏறுவதைப் போல ஒலிக்கும். ஆல், அத்தி வகை மரங்கள் பழுத்திருந்தால் அதன் கீழே அசையாமல் உட்கார்ந்திருப்பதே வழி. முட்டையிடும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாக மாதக்கணக்கில் இரை ஊட்டுவது ஆண் பறவை. அந்த ஆண் பறவையைத் துரத்தினாலோ, பொந்தின் அருகே கூட்டம் கூடினாலோ உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். ஆகவே கூட்டைக் காட்டுகிறேன் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு மேய்வதைப் பார்த்தால் இறங்கலாமா?

இறங்க வேண்டாம். பார்ப்பதற்கு வீட்டு எருமை போலச் சாதுவாக நிற்கும். கால்களில் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருப்பதால் அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரு டன் வரை எடை வரக்கூடிய விலங்கு அது. தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். அதற்குள் கன்று படுத்திருப்பது உங்களுக்குத் தெரியாது. தவிரவும், தோட்டங்கள் அனைத்தும் தனியார் நிலம். அனுமதியின்றி நுழைவது முறையல்ல.

மலையேற்றம் போகலாமா? தனியாகக் காட்டுக்குள் நடக்க அனுமதி உண்டா?

தனியாக, வழிகாட்டி இல்லாமல் நடக்க அனுமதி கிடையாது. கிடையாது என்பதே சரி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் உள்ளன. இப்பகுதியில் ஆழியாறு வாய்க்கால் கரை, டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரை, வால்பாறையை ஒட்டிய மானாம்பள்ளி ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றவை. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். கோடையில் தீ அபாயம் உள்ள காலத்தில் பாதைகள் மூடப்படும்.

தனியாக வருகிறவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: நமக்குக் குழு சேர்க்கும் வேலை இல்லை. காடர், மலசர் போன்ற இம்மலையின் பூர்வகுடிகளைச் சேர்ந்த ஒருவருடன் நடப்பதை வெறும் பாதுகாப்பு ஏற்பாடாக மட்டும் நினைக்காதீர்கள். நான் பார்த்தபோது வெறும் சேறாகத் தெரிந்த ஓரிடத்தில், ஒரு வழிகாட்டி கரடி கறையான் புற்றைத் தோண்டியதையும், அதன்மேல் பிற்பாடு கடமான் மிதித்துப் போனதையும் காட்டினார். மலையேற்றத்தையும் வால்பாறைப் பயணத்தையும் ஒரே நாளில் திணிக்காமல், மலையேற்றத்துக்கு ஒரு நாளை முழுதாகக் கொடுங்கள்.

ஆற்றில் குளிக்கலாமா?

என் பதில் வேண்டாம் என்பதே. ஆழியாற்றுக்கு மேலே உள்ள குரங்கருவியில், நீர்வரத்து அளவாக இருந்து வனத்துறை அனுமதிக்கும் நாள்களில் மட்டும் குளிக்கலாம். வால்பாறையைச் சுற்றியுள்ள ஆறுகள் மேலுக்கு அமைதியாகத் தெரிந்தாலும், உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஆழமான குழிகளும் சுழல்களும் கொண்டவை. 2023 அக்டோபரில் சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இப்பகுதி ஆறு ஒன்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் குழுவாக வந்தவர்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தனியாக வந்தவர் வழுக்கினால் குரல் கொடுக்கவும் ஆள் இல்லை.

பெண் ஒருவர் தனியாகப் போவது பாதுகாப்பானதா?

மனிதர்களால் எனக்கு இதுவரை தொல்லை வந்ததில்லை. "தனியாவா வந்தீங்க?" என்ற கேள்வி மட்டும் பேருந்திலும், சாப்பாட்டுக் கடையிலும், தேநீர்க் கடையிலும் தவறாமல் வரும். அதை விசாரணையாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிடுங்கள். கேட்ட பெண்களே, எந்தப் பாதையில் நேற்று யானை நின்றது, எந்தப் பேருந்து கடைசி என்பதையும் சொல்லிவிடுவார்கள். பல வளைவுகளில் கைபேசித் தொடர்பு இராது என்பதால், கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

மாலையில் தோட்டப் பாதைகளில் நடக்கலாமா?

கூடாது. சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர் இது. 2025 ஜூனில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஒவ்வொரு மாலையும் இந்த அச்சத்தோடுதான் கதவைச் சாத்துகிறார்கள். அவர்கள் முன்னால் நின்று "சிறுத்தை பார்க்க முடியுமா?" என்று ஆவலாகக் கேட்பது எவ்வளவு கூச்சமான செயல் என்பதை, ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகுதான் நான் உணர்ந்தேன்.

எந்த மாதம் நல்லது? அட்டைத் தொல்லை எப்படி?

டிசம்பர் முதல் மார்ச் வரை. ஜனவரி, பிப்ரவரியில் வரையாட்டுக் குட்டிகளைக் காணலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும்; வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அப்போது பசுமை அள்ளும், அட்டையும் அள்ளும். ஒட்டிக்கொண்ட அட்டையைப் பிய்த்து எடுக்காமல் உப்பைத் தொட்டு வையுங்கள், தானாக விழும். ரத்தம் சற்று நேரம் நிற்காமல் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

டாப்சிலிப்பையும் சேர்த்துக்கொள்ளலாமா?

அதே நாளில் ஆகாது. டாப்சிலிப் செல்லும் வழி சேத்துமடை வழியாகப் பிரிகிறது. வனத்துறையின் வாகனச் சவாரியும், கோழிகமுத்தியில் உள்ள யானைகள் முகாமும் அங்கே உண்டு. பல காட்டுயானைகளைப் பிடிப்பதில் உதவிய கலீம் என்ற கும்கி யானை (பயிற்சி பெற்ற முகாம் யானை) 2023-இல் அறுபதாவது வயதில் பணி ஓய்வு பெற்றது அந்த முகாமில்தான். யானையை அருகில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு அதுவே உகந்த இடம்.

கடைசியாக, நீங்கள் வால்பாறையில் காட்டுயானையைப் பார்த்தீர்களா?

சென்ற ஜனவரிப் பயணத்தில் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வால்பாறையில் யானையால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை, யானை அங்கே நிற்பது தெரியாமல் போய் மோதிக்கொண்டதால் ஏற்பட்டவை. இதைக் கண்டறிந்த என்.சி.எஃப். ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும், யானைக் கூட்டம் இருக்கும் இடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்துகளாகவும், குறுஞ்செய்தியாகவும், தமிழ்க் குரல் அழைப்பாகவும் மக்களுக்குத் தெரிவித்தார்கள். முக்கியமான சந்திப்புகளில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகளையும் வைத்தார்கள். யானை பக்கத்தில் இருந்தால், பதிவுசெய்த கைபேசியிலிருந்து ஓர் அழைப்பு விடுத்தே அந்த விளக்கை எரிய வைக்கலாம். இப்பணிக்காக 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது வழங்கப்பட்டது.

அன்று காரை மதியமே அனுப்பிவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு திருப்பத்தில் அந்தச் சிவப்பு விளக்கு பனிமூட்டத்துக்குள் விட்டு விட்டு எரிந்தது. ஓட்டுநர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய கொழுந்து பறிக்கும் பெண்கள் நால்வரில் ஒருவர், "ஆத்தோரம் மூணு நிக்குது, குட்டி ஒண்ணு" என்று நடத்துநரிடம் சொல்லிவிட்டுப் பயணச்சீட்டுக்குச் சில்லறை தேடத் தொடங்கினார். பேருந்தில் இருந்த யாரும் எழுந்து பார்க்கவில்லை. நான் மட்டும் சன்னல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். சாலையில் இன்னும் ஆவி அடங்காத சாணமும், முறிந்து தொங்கும் ஒரு வாழை மட்டையும் தெரிந்தன.